வீட்டில் யார் கையில் கொடுத்தாலும் எடுக்கிற மாதிரி ஒரு வீடியோ கேமரா

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: குடும்ப விசேஷங்களையும் விடுமுறைப் பயணங்களையும் பதிவு செய்ய ஒரு கேம்கார்டர் வேண்டும். வீட்டில் நடை பழகும் பையன், பள்ளி மேடையில் ஆடும் மகள், எழுபதைத் தாண்டிய அப்பா. யார் கையில் கொடுத்தாலும் எடுக்கத் தெரிய வேண்டும். கூடவே மூன்று துணைக் கேள்விகள்: செல்போனே போதாதா, 4கே என்ற கூடுதல் நுணுக்கப் படத் தரம் அவசியமா, பழையது வாங்கலாமா.

விளம்பரங்களில் ‘ஈஸி’ என்று போட்டிருந்தால் பட்டன் குறைவு என்று அர்த்தம். வீட்டில் ஒரு கேமரா எளிதா கஷ்டமா என்பதைத் தீர்மானிக்கும் இடங்கள் வேறு இரண்டு. பையிலிருந்து எடுத்த பிறகு எத்தனை நொடியில் பதிவு ஆரம்பிக்கிறது என்பது ஒன்று. எடுத்ததை ஆறு மாதம் கழித்து வீட்டில் ஒருவர் யாரையும் கேட்காமல் போட்டுப் பார்க்க முடிகிறதா என்பது இன்னொன்று. நடுவில் இருக்கும் மெனு, எஃபெக்ட், சிரித்தால் தானாக ஃபோட்டோ எடுக்கும் வித்தை எல்லாம் முதல் வாரத்தோடு மறந்துவிடும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டு இடங்களை மனதில் வைத்துத்தான்.

செல்போனிலிருந்து ஆரம்பிக்கலாம். பாதிக் குடும்பங்களுக்கு அதுவே போதும். குழந்தை தவழ்வது, பிறந்தநாள் கேக், இரவில் எல்லாரும் கூடி உட்கார்ந்து அடிக்கும் அரட்டை எல்லாம் இரண்டு மூன்று மீட்டருக்குள், பெரும்பாலும் வீட்டு விளக்கின் மங்கலில் நடப்பவை. அந்த இடத்தில் ஓரளவு நல்ல செல்போன், விலை குறைந்த கேம்கார்டரைச் சுலபமாகத் தோற்கடித்துவிடும். காரணம் சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. ஆரம்ப நிலை கேம்கார்டர்களில் இருப்பது 1/5.8 அங்குல வகைச் சென்சார். இப்போதைய நல்ல செல்போனின் முதன்மைக் கேமராவில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பரப்புள்ளது. வெளிச்சம் குறையும்போது பரப்புதான் பேசும்.

கேம்கார்டர் ஜெயிப்பது தூரத்திலும் நேரத்திலும். பள்ளி விழாவில் கடைசி வரிசையில் இடம் கிடைத்திருக்கும். மேடையில் இரண்டாவது வரிசையில் நிற்கும் மகளின் முகம் வேண்டும். அல்லது மைதானத்தின் அந்தக் கோடியில் ஓட்டப் பந்தயம். அல்லது படகில் போகும்போது கரையில் நீர் குடிக்க வந்த மான். செல்போன் இங்கெல்லாம் கைவிரித்துவிடும். நேரத்தை எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேர நிகழ்ச்சியை நிறுத்தாமல் எடுக்கும்போது போன் சூடாகும், இடம் நிரம்பும், சரியாக நடனத்தின் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். ஸ்டில் கேமராவிலும் ஒரு தொல்லை உண்டு: பல மாடல்களில் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நின்றுவிடும். 30 நிமிடம் தொட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்நாளைய சுங்கக் கணக்கில் அது வீடியோ கேமரா ஆகி வரி கூடும் என்பதால் கம்பெனிகள் போட்ட வேலி அது. புதிய மாடல்கள் பலவற்றில் எடுத்துவிட்டார்கள். கேம்கார்டருக்கு அந்தப் பிரச்சினை எப்போதுமே இருந்ததில்லை.

ஆக, மேடையும் மைதானமும் பயணமும் உங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது என்றால் கேம்கார்டர் வாங்குங்கள். வீட்டுக்குள் நடப்பவைதான் அதிகம் என்றால் பணத்தை நல்ல செல்போனிலோ ஒரு சின்ன ட்ரைபாடிலோ போடுவது மேல். உங்கள் கேள்வியில் பள்ளி மேடை வருவதால் முதல் வகை என்று எடுத்துக்கொண்டு தொடர்கிறேன்.

இனி ஜூம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சோனியின் சிஎக்ஸ்405 என்ற சின்ன ஹேண்டிகேமை எடுத்துக்கொள்வோம். அதன் லென்ஸ் 1.9 முதல் 57 மில்லிமீட்டர் வரை. 57ஐ 1.9ஆல் வகுத்தால் 30. அதுதான் ‘30 மடங்கு ஆப்டிகல் ஜூம்’. பெரும்பாலான கேமராக்களில் லென்ஸைச் சுற்றியே இந்த எண்கள் அச்சிட்டிருக்கும். கடையில் நின்றே வகுத்துப் பார்த்துவிடலாம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிஜிட்டல் ஜூம் எண்ணை மறந்துவிடுங்கள். அது இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாக்குவது, அவ்வளவுதான்.

இந்த 57 மில்லிமீட்டர், பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் லென்ஸ் எட்டும் தூரத்துக்குச் சமம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளில் அது சாத்தியமாவது சென்சார் கடுகளவு இருப்பதால்தான். சென்சாரைப் பெரிதாக்கினால் இரவில் படம் நன்றாக வரும், ஆனால் அதே தூரத்தை எட்ட லென்ஸ் முழங்கை நீளம் தேவைப்படும். அதனால் ‘50 மடங்கு ஜூமும் வேண்டும், இரவிலும் பளிச்சென்று வர வேண்டும், பாக்கெட்டில் போகவும் வேண்டும்’ என்று தேடினால் கிடைக்காது. மூன்றில் இரண்டுதான்.

இதில் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. அதே லென்ஸின் துவாரம் அகலக் கோணத்தில் எஃப் 1.8, முழு ஜூமில் எஃப் 4 (எண் பெரிதானால் துவாரம் சிறியது). அதாவது கடைசி வரை ஜூம் செய்யும்போது உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மங்கலான அரங்கில் முழு ஜூமில் எடுத்த படம் மணல் தூவின மாதிரி வருவது இதனால்தான். கேமரா கெட்டுப்போனதாக நினைத்து சர்வீஸுக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. தீர்வு ரொம்பச் சாதாரணம்: முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்து, பாதி ஜூமில் எடுங்கள்.

ஜூமைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மறப்பது அதன் மறுமுனை. சின்ன அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் ஃபிரேமில் வர வேண்டுமே! அதற்கு அகலக் கோணம் வேண்டும். விவரக் குறிப்பில் ‘35 மி.மீ. சமம்’ (மேலே சொன்ன ஃபிலிம் கேமரா கணக்குதான்) என்ற இடத்தில் முதல் எண் 25 முதல் 28க்குள் இருந்தால் நல்லது. பழைய மாடல்கள் சிலவற்றில் இது 35க்கு மேல் இருக்கும். சுவரில் முதுகு ஒட்டுகிற வரை பின்னால் போனாலும் ஓரத்தில் உட்கார்ந்தவர் வர மாட்டார். வீட்டு உபயோகத்துக்கு 30 மடங்கா 50 மடங்கா என்பதைவிட இந்த முதல் எண் முக்கியம்.

அடுத்தது கை நடுக்கம். அப்பா எடுப்பார் என்றால் இதுதான் முதல் தகுதி, மற்றதெல்லாம் பிறகு. ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். லென்ஸுக்குள் ஒரு பகுதி நகர்ந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் முறை அது. வெறும் எலக்ட்ரானிக் என்றால் படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு உள்ளே நகர்த்திச் சமாளிப்பது. பகலில் பரவாயில்லை, இருட்டில் குழம்பும். சோனியின் ஏஎக்ஸ்43, ஏஎக்ஸ்53 போன்ற 4கே ஹேண்டிகேம்களில் லென்ஸும் சென்சாரும் சேர்ந்து ஒரே தொகுதியாக மிதக்கும் ஏற்பாடு இருக்கிறது. கேமராவை லேசாக ஆட்டினால் உள்ளே லென்ஸ், கோழியின் தலை மாதிரி, இடம் மாறாமல் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நடந்துகொண்டே குழந்தையைப் பின்தொடர்ந்து எடுக்க அதை மிஞ்சும் கேம்கார்டர் எனக்குத் தெரிந்து வீட்டு வகையில் இல்லை.

எந்த ஸ்டெபிலைசேஷனும் முழு ஜூமில் முழு அற்புதம் செய்யாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, தூணிலோ நாற்காலி முதுகிலோ சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். அது போதும்.

இப்போது ஒலி. குடும்ப வீடியோவைப் பொறுத்தவரை நான் படத்துக்கு மேலே ஒலியை வைப்பேன். பத்து வருஷம் கழித்துப் பாருங்கள்: படம் சற்று மங்கலாக இருப்பதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மழலையில் பையன் ‘தண்ணி’யை எப்படிச் சொன்னான், பாட்டி எப்படிக் கூப்பிடுவார் என்பது கேட்கவில்லை என்றால் மனசு ஆறாது. ஆனால் வாங்குகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் கடையில் ஒலியைக் கேட்டே பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியவை சில. மைக் எங்கே இருக்கிறது? லென்ஸுக்குக் கீழே முன்பக்கம் இருந்தால் சில பேருக்கு இடது கை விரல் அதை மூடும். மூடினால் ‘கரகர’ என்று உரசும் சத்தம் பதிவாகும். காற்று இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறதா, அது தானாக இயங்குகிறதா? கடற்கரையிலும் மலை முகட்டிலும் எடுத்த வீடியோக்களில் பேச்சு போய் ‘புர்ர்ர்’ மட்டும் மிஞ்சுவது இது இல்லாததால்தான். மைக் துளைகள் மேல் ஒட்டுகிற மெல்லிய ரோமத் துணித் துண்டுகள் கிடைக்கின்றன. பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேலை செய்யும். வெளி மைக் செருக 3.5 மி.மீ. துளை இருந்தால் கூடுதல் நல்லது. இருக்கும் ஆரம்ப நிலை மாடல்கள் குறைவு.

அந்தத் துளை எதற்கு என்று கேட்டால், அப்பாவுக்காகத்தான். ஒரு மதியம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கேமராவை மேஜை ட்ரைபாடில் பொருத்தி, சட்டையில் ஒரு காலர் மைக்கைக் குத்திவிட்டு, முதல் வேலைக்குப் போன கதையைக் கேளுங்கள். கேம்கார்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்தில் அது இருப்பதையே அவர் மறந்துவிடுவார், அப்புறம்தான் நிஜமான பேச்சு வரும். ஆரம்பிக்கும் முன் அறையில் மின்விசிறி ஓடினால் நிறுத்திவிடுங்கள். காதுக்குத் தெரியாத அந்த இரைச்சல் பதிவில் முன்னால் வந்து உட்காரும்.

சரி, கையில் பிடிப்பது. கேம்கார்டரின் பெரிய சாதகமே அதன் வடிவம்தான்: வலது கை பட்டைக்குள் போகும், கட்டைவிரலுக்குக் கீழே பதிவு பட்டன், ஆள்காட்டி விரலில் ஜூம் நெம்பு. பார்க்காமலேயே இயக்கலாம். செல்போனை நீட்டிப் பிடித்துக் கை கடுக்கும் முதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஒரே சிக்கல், ஏறக்குறைய எல்லா கேம்கார்டர்களும் வலது கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. வீட்டில் இடது கைப் பழக்கம் உள்ளவர், அல்லது வலது கையில் பலம் குறைந்தவர் இருந்தால் வாங்கும் முன் அவரைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலான மாடல்களில் பக்கத்துத் திரையைத் திறந்தால் கேமரா தானாக ஆன் ஆகும், மூடினால் ஆஃப். இதுதான் உண்மையான ‘ஈஸி’. திரையைத் திறந்து இரண்டு மூன்று நொடிக்குள் தயாராகிவிட வேண்டும். அதைவிட முக்கியமான ஒரு வீட்டு விபத்து இருக்கிறது: பதிவு ஆரம்பித்துவிட்டதாக நினைத்துப் பட்டனை அழுத்தியிருப்பார்கள், உண்மையில் அது நின்றிருக்கும். முக்கியமான தருணம் முழுக்கப் போய்விடும். அதன் பிறகு, தொங்கவிட்ட கையோடு, செருப்பும் தரையும் பத்து நிமிடம் பதிவாகியிருக்கும். பானசோனிக்கின் சில மாடல்களில் இதற்கென்றே ஒரு வசதி வைத்திருந்தார்கள். கேமரா தலைகீழாகச் சாய்ந்தால் பதிவு தானாக நின்றுவிடும். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. திரையில் சிவப்பு நிறத்தில் ‘ரெக்’ என்று வந்திருக்கிறதா, நேர எண் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு உரக்க ‘ஓடுது’ என்று சொல்லும் பழக்கத்தை வீட்டில் எல்லாருக்கும் ஏற்படுத்துங்கள். குழந்தைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

திரை வெயிலில் தெரியுமா என்பதும் ஒரு கேள்வி. 2.7 அங்குலத் திரை உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடி மாதிரிதான். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் உள்ள மாடல் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது மேல்வகைக் கேமராக்களில்தான் வரும். சோனியில் ஏஎக்ஸ்53ல் உண்டு, ஏஎக்ஸ்43ல் இல்லை. கேனான் லெக்ரியா எச்எஃப் ஜி70ல் உண்டு. வட அமெரிக்காவில் லெக்ரியா வரிசை விக்ஸியா என்ற பெயரில் வருகிறது, குழம்ப வேண்டாம்.

4கே அவசியமா? அவசியம் இல்லை, ஆனால் நல்ல கேமராவோடு சேர்ந்து வந்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். 4கே என்பது முழு எச்டியைவிட நான்கு மடங்கு புள்ளிகள். ஓரத்தை வெட்டிச் சரிசெய்யலாம், ஒரு காட்சியை நிறுத்தி 8 மெகாபிக்சல் ஃபோட்டோவாக எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு இடம் கேட்கும். நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரம் 45 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூட வராது. 24 மெகாபிட் எச்டியில் எடுத்தால் மணிக்கு 11 ஜிபிதான். அதே கார்டில் பதினொரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கலாம். பழைய லேப்டாப்பில் 4கே திக்கித் திணறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்டெபிலைசேஷன், பிறகு சென்சார் அளவு, பிறகு ஒலி, அதன் பிறகு பணம் மிஞ்சினால் 4கே. இதுதான் என் வரிசை.

இந்த இடத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை. ஆன்லைனில் ‘கேம்கார்டர்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பெயர் கேள்விப்படாத கம்பெனிகளின் ‘4கே 48 மெகாபிக்சல்’ கேமராக்கள்தான். பெட்டி நிறையப் பொருள்: வெளி மைக், ரிமோட், விளக்கு, லென்ஸ் மூடி, இரண்டு பேட்டரி. விலை, பெரிய கம்பெனி மாடலில் கால்வாசிகூட இருக்காது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான ஜூம் லென்ஸே கிடையாது. ‘16 மடங்கு’ அல்லது ‘18 மடங்கு’ என்பது முழுக்க டிஜிட்டல். ஃபோகஸ் நகராத ஒற்றை லென்ஸ், சிறிய சென்சாரிலிருந்து மென்பொருள் ஊதிப் பெருக்கிய 4கே. நல்ல வெயிலில் சுமாராக இருக்கும், வீட்டுக்குள் வந்தால் அழுகை வரும். கண்டுபிடிப்பது சுலபம்: விவரப் பக்கத்தில் ‘ஆப்டிகல் ஜூம்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லையென்றாலோ, மேலே சொன்ன இரண்டு எண் கொண்ட லென்ஸ் அளவு எங்கும் இல்லையென்றாலோ, பக்கத்தை மூடிவிடலாம். குழந்தை விளையாட ஒன்று வேண்டுமென்றால் அது வேறு கதை.

பெயர் சொல்லிக் கேட்டால் என் தேர்வுகள். எளிமையும் சிறிய உருவமும் போதும், பகலில்தான் அதிகம் எடுப்போம் என்றால் சோனி சிஎக்ஸ்405 அல்லது பானசோனிக் வி180. சோனியில் 30 மடங்கு ஜூம், சார்ஜ் செய்யும் யுஎஸ்பி கேபிள் கைப்பட்டைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், பயணத்தில் தொலைக்க முடியாது. பானசோனிக்கில் 50 மடங்கு ஜூம், 28 மி.மீ. அகலம். இரண்டும் எச்டி மட்டும். மேடை நிகழ்ச்சிகள் முக்கியம் என்றால் ஒரு படி மேலே போய், சென்சார் பெரிதான சோனி ஏஎக்ஸ்43 அல்லது பானசோனிக் விஎக்ஸ்1. விஎக்ஸ்1ல் 24 மடங்கு ஜூமும் 25 மி.மீ. அகலமும் உண்டு. உங்கள் வீட்டுக்கு, நடை பழகும் பையனையும் அப்பாவின் கையையும் நினைத்து, ஏஎக்ஸ்43ஐத்தான் சொல்வேன். இந்த வகை மாடல்கள் எல்லாம் எல்லாக் கடைகளிலும் எப்போதும் இருப்பதில்லை. தயாரிப்பு நின்ற மாடலாக இருந்தாலும் பேட்டரி தாராளமாகக் கிடைக்கிறது என்றால் தயங்க வேண்டாம்.

‘ஜூமே வேண்டாம், பயணம்தான் முக்கியம்’ என்றால் கேம்கார்டர் குடும்பத்துக்கு வெளியே ஒன்று: 2023ல் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3. கைப்பிடி மேலே மூன்று அச்சு கிம்பலில் (நடுக்கத்தை ஈடுகட்டும் மோட்டார் தாங்கி) சுழலும் குட்டிக் கேமரா, ஒரு அங்குல வகைச் சென்சார், திரையைத் திருப்பினால் ஆன் ஆகும். இரவிலும் நடையிலும் மேலே சொன்ன எதையும் விட நன்றாக வரும். ஆனால் ஆப்டிகல் ஜூம் கிடையாது, மேடைக்கு உதவாது. அந்தக் கிம்பல் மென்மையானது என்பதால் சின்னப் பையன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். தண்ணீருக்குள் எடுக்க வேண்டுமென்றால் ஆக்‌ஷன் கேமராதான் வழி; கோப்ரோ ஹீரோ மாடல்கள் பல, தனிக் கூடு இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் 50, 60 விவகாரத்தைக் கவனியுங்கள். சில நாடுகளுக்கான கேமராக்கள் நொடிக்கு 50 பிரேம் வகை, சிலவற்றுக்கு 60. உங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 60 வகைக் கேமராவில், ட்யூப்லைட் அல்லது எல்இடி வெளிச்சத்தில், படத்தில் பட்டை பட்டையாக இருள் நகரும். சில மாடல்களில் மெனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றில் முடியாது. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனை. ஷட்டரை நூறில் ஒரு நொடிக்கு வைத்தால் பட்டை போகும், ஆனால் அப்போது ‘யார் கையில் கொடுத்தாலும்’ என்பது போய்விடுகிறது.

அடுத்து, எடுத்ததைப் பார்ப்பது. 2006ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஎச்டி என்ற வடிவத்தில்தான் பல கேம்கார்டர்கள் இன்னும் பதிவு செய்கின்றன. தரம் நன்றாக இருக்கும். ஆனால் கார்டைக் கணினியில் போட்டால் ‘பிரைவேட்’ என்ற ஃபோல்டருக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று போய்க் கடைசியில் ‘ஸ்ட்ரீம்’ என்ற இடத்தில் எம்டிஎஸ் என்று முடியும் கோப்புகள் கிடைக்கும். நீளமான பதிவு துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். அப்பாவால் இதைத் திறக்க முடியாது, மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. அதனால் வாங்கிய அன்றே பதிவு வடிவத்தை எம்பி4க்கு மாற்றிவிடுங்கள். சோனியின் பல மாடல்களில் இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் வசதி உண்டு. அதை ஆன் செய்து வைத்தால் பெரியது பாதுகாக்க, சிறியது பகிர. ‘50ஐ’, ‘60ஐ’ என்று எண்ணுக்குப் பின் ஆங்கில ‘ஐ’ வந்தால் விட்டுவிட்டு, ‘பி’ வருவதைத் தேர்ந்தெடுங்கள். ஐ வகையில் எடுத்தால், ஓடும் குழந்தையின் ஓரங்களில் கணினித் திரையில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும்.

அதே நாளில் தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். அற்பமாகத் தோன்றும். ஆனால் ஐந்து வருஷ வீடியோ எல்லாமே ஜனவரி 1 என்று இருந்தால் எது எப்போது என்று வீட்டில் சண்டைதான் வரும். பல மாதம் சார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடந்தால் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்து தேதி மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விடும், அதனால் பயணத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வி30 என்று அச்சிட்ட கார்டு நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும்; 4கேவுக்கும் போதும். ஒரே பெரிய கார்டைவிட இரண்டு நடுத்தரக் கார்டுகள் நல்லது. ஒன்று கெட்டாலோ தொலைந்தாலோ பயணம் முழுக்கப் போகாது. 32 ஜிபிக்கு மேல் வாங்கினால் எஸ்டிஎக்ஸ்சி வகையைக் கேமரா ஏற்குமா என்று பழைய மாடல்களில் பார்க்க வேண்டும். போலிக் கார்டுகள் ஏராளம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். முதல் நாளே ஓட்டுங்கள்.

பயணத்தில் பேட்டரி. குறிப்பில் ‘தொடர் பதிவு’ என்று ஒரு நேரமும் ‘வழக்கமான பதிவு’ என்று இன்னொன்றும் இருக்கும். இரண்டாவது ஏறக்குறைய பாதி. நிறுத்தி, ஆரம்பித்து, ஜூம் செய்து எடுக்கும்போது அதுதான் கிடைக்கும். இன்னொரு பேட்டரி கட்டாயம். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. கேம்கார்டர் பேட்டரிகள் 100 வாட்-அவர் வரம்புக்கு மிகக் கீழே என்பதால் தனி அனுமதி தேவைப்படாது. குளிர் அறையிலிருந்து நேராகப் புழுக்கமான வெளிக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பையில் மூடியே வைத்து அரை மணி விட்டு எடுங்கள். கடற்கரையில் கார்டும் பேட்டரியும் மாற்றாதீர்கள். ஒரு மணல் துகள் போதும், மூடி அதன் பிறகு சரியாக மூடாது.

எடுக்கும் முறைக்கு இரண்டே சொல்: பட்டனை அழுத்தியதும் பத்து நொடி அசையாமல் பிடியுங்கள், பதிவு ஓடும்போது ஜூமைத் தொடாதீர்கள். வேறு பயிற்சி வேண்டாம்.

திரும்பி வந்ததும் கார்டை அழிக்கும் முன் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ. ஃபோல்டர் பெயரில் வருஷம், மாதம், நாள், பிறகு நிகழ்ச்சி. 2025-05-10 என்ற மாதிரி வருஷத்தை முன்னால் போட்டால் தானாகவே வரிசையாக நிற்கும்.

கடைசியாக, பழையது. தாராளமாக வாங்கலாம், மெமரி கார்டு மாடலாக இருந்தால். கையில் எடுத்து முழு ஜூம் வரை போய் வாருங்கள். தடங்கலோ கரகரப்போ இருக்கக் கூடாது. வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் லென்ஸில் பூஞ்சையும் சென்சாரில் புள்ளியும் தெரிந்துவிடும். திரையின் கீலைத் திருப்பிப் பாருங்கள், படம் மினுக்கினால் உள்ளே ரிப்பன் கேபிள் போய்க்கொண்டிருக்கிறது. டச் ஸ்கிரீனின் நான்கு மூலைகளையும் தொடுங்கள். ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேட்டரி எப்படியும் களைத்திருக்கும். புதிது வாங்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

டேப் மாடல் மட்டும் புதிதாக எடுக்க வேண்டாம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே மினிடிவி என்ற சின்ன வீடியோ டேப்கள் இருந்தால், அவற்றை எடுத்த அந்தப் பழைய கேமரா இன்னும் ஓடுகிறதென்றால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டேப்பைக் கணினிக்கு மாற்ற அதுதான் பிளேயர். அந்தக் கேமராவை இணைக்கத் தேவையான ஃபயர்வயர் என்ற துளை உள்ள கணினி அரிதாகிக்கொண்டே போவதால், அந்த வேலையைப் புதுக் கேமரா வாங்கும் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.